இரண்டு கைதட்டு

முன்பள்ளி வேலையை எங்கள் வீட்டில் யாரும் ஒரு வேலையாக எண்ணியதில்லை. "சளி துடைக்கிறதுக்கும் டிப்ளோமாவோ?" என்று அண்ணை கேட்பார். எனக்கு வாய் நீளம், பதில் சொன்னால் சண்டை வரும். அதனால் பேசாமல் அச்சுவேலியில் பஸ் ஏறி அரியாலைக்கு வந்துவிடுவேன். மக்டலீன் ரீச்சருக்குக் கீழே இது எனக்கு இரண்டாவது பயிற்சி வருடம்.

பள்ளி நடப்பது ஒரு பழைய மண்டபத்தில். ஒரு பக்கம் பலகை மேடை. அதன் கீழே ஒரு பொந்து. நாலு வயதுப் பிள்ளை தவழ்ந்து போகலாம், பெரியவருக்குத் தோள் நுழையாது. அதை வைத்து ஒரு விளையாட்டுச் செய்தேன். நான் "பருந்து!" என்றதும் பதினெட்டுக் குஞ்சுகளும் பொந்துக்குள் ஓட வேண்டும். பிறகு அம்மா குரலில், ஐஸ்கிறீம்காரன் குரலில், என் சொந்தக் குரலிலும் கூப்பிடுவேன். பருந்து எந்தக் குரலிலும் கதைக்கும், ஆகவே வரக்கூடாது. இரண்டு கைதட்டுக் கேட்டால்தான் வரலாம். பருந்துக்குக் கை இல்லையே.

இதில் தினமும் தோற்பவள் லவீனா. யாராவது "செல்லம்" என்றால் போதும், முதல் ஆளாகத் தலையை நீட்டிவிடுவாள். வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட ஆள் குறைவு.

அன்று காலை அவளைச் சித்திதான் கொண்டுவந்து விட்டார். தாய் தாடை உடைந்து ஆசுப்பத்திரியில் கிடந்தார். உடைத்தவன் தகப்பன் ஜெறோம். வாய் திறக்க முடியாத தாய் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார்: பிள்ளையை அவரிடம் கொடுக்க வேண்டாம்.

மக்டலீன் ரீச்சர் கூட்டமொன்றுக்காக நகரத்துக்குப் போயிருந்தார். பத்தரை மணிக்கு வாசல் படலையை யாரோ உதைத்தார்கள். யன்னலால் பார்த்தேன். ஜெறோம், கையில் தடித்த பொல்லு.

"பருந்து!" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே ஓடினார்கள், பாவங்கள்.

அவன் படியில் கால் வைத்தான். பழக்கதோசம், என் வாய் தானாகச் சொன்னது: "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

தன்னை நக்கலடிக்கிறேன் என்று நினைத்துவிட்டான். முதல் அடியில் சின்னக் கதிரைகள் சிதறின.

"எங்கையடி என்ரை பிள்ளை?"

"அண்ணை, தரேலாது. தாய் எழுதித் தந்திருக்கிறா."

அடுத்த அடியை இடது கையால் மறித்தேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தேன். வயிற்றில் உதைத்தான். நான் ஓடிப்போயிருக்கலாம், கதவு திறந்துதான் கிடந்தது. பொந்தின் முன்னால் போய்ப் படுத்தேன். தலைமயிரில் பிடித்து இழுத்து எறிந்தான்.

பிறகு அவன் பொந்தடியில் குனிந்தான். குரல் மாறியது. அவ்வளவு இனிமையான குரல் அவனுக்கு உண்டென்று நான் நினைத்ததில்லை.

"லவீ, செல்லக்குட்டி, அப்பா வந்திருக்கிறன். வாங்கோம்மா."

உள்ளே ஒரு முழங்கால் தரையில் தேய்ந்தது. யாருடையதென்று எனக்குத் தெரியும். "வராதை" என்று கத்த வாயைத் திறந்தேன். பொல்லு நுனியால் வாயில் குத்தினான். உடைந்த பல் நாக்கில் கிடந்தது.

அந்த அசைவு நின்றது. அவள் வரவில்லை.

அவனுக்கு விசர் ஏறியது. மேடையில் ஓங்கி அடித்தான். ஒரு பலகை பிளந்து உள்ளே விழுந்தது. அதற்குக் கீழே இருந்தவை பதினெட்டுத் தலைகள்.

மேசையில் பித்தளை மணி இருந்தது. அடிப்பதற்கல்ல இந்தக் கை என்று தினமும் பிள்ளைகளோடு பாடுகிறவள் நான். மணியை எடுத்து அவன் பிடரியில் அடித்தேன். ஒரு அடியிலேயே விழுந்துவிட்டான். நான் பிறகும் அடித்தேன். பொய் சொல்லமாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது. சந்தி ஓட்டோக்கார செல்வநாயகம் அண்ணை ஆட்களோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"விடு பிள்ளை, நிரோஜா, செத்துப்போவான். விடு!"

அவனைக் கட்டி வெளியே இழுத்துப் போனார்கள். முனகிக்கொண்டிருந்தான்.

"வாங்கோ குஞ்சுகள், பருந்து பறந்து போயிட்டுது," என்றேன். இரத்தத்தோடு வந்த குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஒருவரும் வரவில்லை. செல்வநாயகம் அண்ணை கூப்பிட்டார். சத்தமில்லை. வலக்கையால் தொடையில் இரண்டு முறை தட்டினேன். அது கைதட்டு இல்லையென்று அவர்களுக்குத் தெரியும். வேறு யாரையாவது தட்டச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

முறிந்த கையை வலக்கைக்கு முன்னால் கொண்டுவந்தேன். தட்டினேன். கண் இருண்டது. இன்னொரு முறை தட்டினேன்.

ஒவ்வொருவராகத் தவழ்ந்து வந்தார்கள். ஒருவனுக்கு நெற்றியில் கீறல், இரண்டு பேருக்குக் காற்சட்டை நனைந்திருந்தது. பதினேழு வரை எண்ணினேன். லவீனா கடைசியாக வந்தாள். அவள் முகத்தில் ஒரு வெற்றி. என் காதருகே வந்து இரகசியமாகச் சொன்னாள்:

"ரீச்சர், பருந்து இண்டைக்கு அப்பாடை குரலிலை கதைச்சது. செல்லம் எண்டும் சொன்னது. நான் வரேல்லை."

"ஓம் அம்மா, நீங்கள் கெட்டிக்காரி," என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.