மெஷினையும் இழுக்கணும், மலையும் ஏறணும்

“பெரியப்பாவும் நீங்களும் ஒரே வண்டியில ஏறுனா, வண்டி மலை ஏறுமாப்பா?” என்று இலக்கியா முன்பொரு நாள் கேட்டாள். அடைக்கலம் அன்று சிரித்துவிட்டார். இப்போது வண்டி வாங்குவதற்கு முன்பே அண்ணன் தம்பிக்குள் முகம் முறிந்திருந்தது.

கான்கிரீட் கலக்கும் மெஷினை ஊர் ஊராக இழுத்துப்போன பழைய ஜீப் ஓய்ந்துவிட்டது. அந்த மெஷின் வாடகையில்தான் அடைக்கலத்தின் குடும்பம் சாப்பிட்டது. அண்ணன் கருப்பையாவுக்கு அரிசி மில் இருந்தது. இருவரும் சேர்ந்து வாங்கும் வண்டி மெஷினையும் இழுக்க வேண்டும், கோடை விடுமுறையில் இரண்டு குடும்பங்களையும் கூடாரத்தோடு கொல்லிமலைக்கு ஏற்றிப்போகவும் வேண்டும்.

கீரனூரில் பழைய வண்டிகள் விற்குமிடத்தில் கருப்பையா ஒரு ஏசி காரைத் தட்டிக் காட்டினார்.

“இதான். பிள்ளைக குலுங்காம போகும்.”

“இதுல கொக்கி போட்டு மெஷினைக் கட்டுனா பின்பக்கமே கழண்டு வந்துரும்ணே. அங்கிட்டு நிக்கிற ஃபோர் வீல் ஜீப்பை எடுப்போம். மலையிலயும் திணறாது.”

“ஒன் மெஷினுக்காக நாங்க இடுப்பொடியப் போகணுமாடா? நீயே தோள்ல கட்டி இழு. மாடு மாதிரிதானே இருக்க.”

“இந்த மாடு இழுத்ததுல நீங்களும்தானே தின்னீங்க!”

கடைக்காரர் நடுவில் புகுந்து விலக்கினார்.

கடைசியில், கருப்பர் கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சிவப்பு அரளி வந்தால் ஜீப், வெள்ளை அரளி வந்தால் கார். இரண்டையும் தனித்தனியே இலையில் பொதிந்து சாமி முன் வைப்பார்கள். வீட்டின் கடைசிப் பிள்ளை ஒன்றை எடுக்கும். மற்றதைப் பிரிக்காமல் குளத்தில் விட்டுவிடுவது அங்கே வழக்கம். பூவைக் கட்ட இருவரும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் கருப்பையாவின் மனைவி முத்தாள்.

இலக்கியா எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

“பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துட்டான் களவாணிப் பய!” என்று கருப்பையா கத்தினார்.

“இலைக்குள்ள இருக்கது தெரிய எம் பிள்ளை கண்ணுல என்ன எக்ஸ்ரேயா இருக்கு?” என்றார் அடைக்கலம்.

“அந்த இன்னொன்னையும் பிரி!”

முத்தாள் அதைக் கையில் எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். “கருப்பரை நம்பலைன்னா நீங்களே பிரிங்க.”

கருப்பையாவின் கை நீளவில்லை. “எக்கேடும் கெட்டுப் போங்க. ஜீப்பையே எடுத்துத் தொலைங்க,” என்று துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார். தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அடைக்கலமும் மகளோடு வேறு வழியாகப் போனார்.

முத்தாள் தனியே குளத்தில் இறங்கினாள். கடைசிப் படியில் இலையைப் பிரித்தாள். அதிலும் சிவப்பு அரளிதான்.

பிறந்த வீட்டோடு பகை என்று கருப்பையா தடுத்திருந்தபோது, சாகக் கிடந்த அவள் ஆத்தாவைக் கடைசியாக ஒருமுறை பார்க்கத் திருமயத்துக்கு அழைத்துப்போனவர் அடைக்கலம். அண்ணன் மில்லிலிருந்து திரும்புமுன் கொண்டுவந்தும் விட்டார். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“பொய்க்கு என்னை மட்டும் கேளுங்க, சாமி. தம்பி வீட்டு அடுப்பு எரியட்டும்,” என்று சொல்லி, முத்தாள் பூவைத் தண்ணீரில் விட்டாள்.