மாவுக்கட்டில் ஒரு எல்

மாவுக்கட்டை அறுக்கும் இயந்திரத்தின் வயர் சுவரிலிருந்த பிளக்கை எட்டவில்லை. கட்டிலை நகர்த்துவதா, அல்லது அதில் கிடத்தப்பட்டிருந்த அப்பாவைத் திருப்பிப் படுக்கவைப்பதா என்று மகள் யோசித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையிலிருந்து இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்த அவளுடைய ஜூனியர் பெண் அதற்குள் எங்கிருந்தோ ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடி எடுத்து வந்தாள்.

"ஏண்டி, போன மனுஷனுக்கு எதுக்குடி இந்த மிஷினெல்லாம்?" என்றாள் அத்தை. "வெயில் ஏறுறதுக்குள்ள வண்டி வந்துடும். எங்கண்ணனை அப்படியே விட்டுடு."

"கட்டோட அனுப்ப மாட்டேன்," என்றாள் அம்மா. விடியற்காலையில் மாரடைப்பு வந்து அவர் போனபின் அம்மா பேசிய முதல் பேச்சு அதுதான். "என்னிக்குப் பிரிப்பாங்க, என்னிக்குப் பிரிப்பாங்கன்னு என் உசிர எடுத்தாரு. குளிக்கிறப்பல்லாம் கைக்குப் பையக் கட்டிவிட்டே நான் ஓஞ்சுபோனேன். பிரிச்சு விடுடி."

அத்தை கட்டிலருகிலிருந்து நகர்ந்து வழிவிட்டாள்.

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வசவு வாங்கியே வண்டியோட்டப் பழகினார்கள் என்றால் அது மிகையன்று. அத்தகையவர் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, இல்லாத கிளட்ச்சைத் தேடுவதுபோல் காலை வீசி விழுந்து, கியர் போடும் இடக்கையின் மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மகள் எலும்பு அறுவை மருத்துவ மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருந்தாள். பேராசிரியர் தாமே எலும்பைச் சேர்த்துவிடுவதாகப் பெருந்தன்மையோடு முன்வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். என் பொண்ணே இழுத்துவிடட்டும்," என்றார் அப்பா.

"பெத்த அப்பன் கையிலயா பழகுறது?" என்று அத்தை அன்றும் குறுக்கே வந்தாள்.

"ஊரான் பிள்ளைங்கெல்லாம் என் வண்டியிலதானே பழகுச்சு? என் பிள்ளை பழக என் கை இருந்துட்டுப் போகுது."

அவள் இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டாள். மறுநாள் பார்த்தால், கட்டின்மேல், கட்டைவிரல் பக்கமாக, ஸ்கூல் காரில் ஒட்டும் சிவப்பு 'எல்' ஸ்டிக்கர்!

"கத்துக்கிறவங்க போட்ட கட்டு. யாரும் ரொம்பக் கிட்ட வந்துடாதீங்க," என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவள் கோபத்தோடு கிழிக்கப் போனபோது கையை இழுத்துக்கொண்டார். "தொடாத. எங்க ஸ்கூல்ல 'எல்'ல நான்தான் கிழிப்பேன். அதுவும் பாஸ் பண்ணதுக்கு அப்புறம்."

இத்தகைய முறிவு கட்டுக்குள்ளேயே நழுவிவிடக்கூடும். நழுவினால் மணிக்கட்டு முள்கரண்டியைப்போல் வளைந்தபடியே சேர்ந்துவிடும். அதனால் இரண்டாம் வாரம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவளும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்தாள். "படம் பிடிக்கிறது சந்தேகப்படுறவனுக்கு. எனக்கு என்ன சந்தேகம்?" என்று அவர் கடைசிவரை நழுவிக்கொண்டே இருந்தார். உள்ளே எலும்பு எப்படி இருக்கிறது என்பதை யாருமே பார்த்திருக்கவில்லை. இப்போது அத்தனை பேர் முன்னிலையிலும் அது தெரிந்துவிடும்.

அவள் இயந்திரத்தைக் கையிலெடுத்தாள். அதன் பல் சுழல்வதில்லை; அதிர்வது மட்டும்தான். மாவை அறுக்கும், தோலை அறுக்காது. ஆனாலும் அந்த இரைச்சலைக் கேட்டால் மீசை வைத்த ஆண்பிள்ளைகளும் கையை இழுத்துக்கொள்வார்கள். ஆகையால் முதலில் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டே தொடங்குவது அவள் துறையில் வழக்கம்.

சுவிட்சைப் போட்டாள். அறை அதிர்ந்தது. அவளுடைய இடக்கை தானாகவே எழுந்து அப்பாவின் மூடிய கண்களுக்கு நேரே விரிந்தது. அதிரும் பல்லை உள்ளங்கையில் வைத்தாள்.

"பாருங்கப்பா. ஒண்ணும் பண்ணாது."

ஜூனியர் பெண் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மகளுக்குத் தான் செய்தது உறைக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு கட்டின்மேல் பல்லை ஊன்றினாள். ஊன்றி, எடுத்து, மறுபடி ஊன்றி, இருபுறமும் அறுத்து முடித்தாள். உள்ளே இருந்த பஞ்சைக் கத்தரித்து, இரு பாதிகளையும் பிளந்து எடுத்தாள்.

கை வெளுத்து, சுருங்கி, சற்றே மெலிந்திருந்தது. அவளுடைய கட்டைவிரல் அப்பாவின் எலும்பின்மேல் மெல்ல நகர்ந்து முறிந்த இடத்துக்கு வந்தது. தாண்டிப் போயிற்று. திரும்பி வந்தது. மேடுமில்லை, பள்ளமுமில்லை. அவருடைய வலக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சேர்ந்திருக்காடி?" என்றாள் அம்மா.

"சேர்ந்திருக்கும்மா. நேரா இருக்கு."

அத்தை குனிந்து பார்த்தாள். அப்போதுதான் உள்ளே வந்த பக்கத்து வீட்டம்மாளின் கையைப் பிடித்துக் கட்டிலருகே இழுத்தாள். "நல்லா பாத்துக்கோங்க. எங்க பொண்ணு சேர்த்த கை. ஒடஞ்ச கைன்னு யாராச்சும் சொல்ல முடியுமா, சொல்லுங்க!" என்றவள், அந்த அம்மாளின் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மகள் ஈரத்துணியால் அப்பாவின் விரலிடுக்குகளில் படிந்திருந்த மாவைத் துடைக்கத் தொடங்கினாள்.

ஜூனியர் பெண் கட்டின் பாதிகளைப் பையில் போட எடுத்தாள். அக்கா அறுத்தால் கோடு ஸ்கேல் வைத்ததுபோல் இருக்கும் என்பது வார்டு முழுவதும் தெரிந்த சங்கதி. இந்தக் கோடும் அப்படித்தான் போயிருந்தது. கட்டைவிரல் பக்கம் ஓரிடத்தில் மட்டும் விலகி, சிவப்பு ஸ்டிக்கரைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகியிருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா சுண்டுவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பாதி பைக்குள் போயிற்று. மற்றதை அவள் சத்தமில்லாமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.