சாட்சி சொன்ன ஞாயிறு

கணவர் கிருபைராஜின் புராஸ்டேட் புற்றுநோய் லில்லியைத் தவிர யாருக்கும் தெரியாது. வெளியூர் மருத்துவமனையில், சோதனைச் சிகிச்சையாகக் கட்டிக்குள் தங்க நுண்துகள்களைச் சேர்த்து, லேசரால் சூடாக்கிக் கட்டியை மட்டும் கருக்கினார்கள். சிறுநீர் அடங்காமல் போகுமோ என்று பயந்திருந்தார்; அதுவும் நேரவில்லை.

அந்தச் சந்தோஷத்தில், பாளையங்கோட்டை ஆலயத்தில் சாட்சி சொல்ல எழுந்த லில்லி, நோயையும் சிறுநீரையும் ஒன்றுவிடாமல் சொல்லிக் கர்த்தரைத் துதித்தாள். பாடகர் குழுவில் கணவர் தலை கவிழ்ந்து நின்றதைப் பிறகுதான் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு, "நேரமாயிட்டு, கிளம்புங்க" என்றாள்.

"நீ போ. அங்கன எல்லாரும் என் முகத்தையா பாக்குதாவ?"

ஆலய வாசலில், குழுவில் பாடும் ரீபா கேட்டாள்: "சாரைக் காணலயே, ஒண்ணுக்குப் பிரச்சினை வந்துட்டா அக்கா?"

'இல்லை' என்று சொன்னால், அவர் வராத உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டும். போன ஞாயிறு அவ்வளவு பேசிய லில்லி, கேட்காதவள்போல் உள்ளே போய்ப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.