உங்க ஆளுங்களுக்கு இது நார்மல்

அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்த டாக்டர், அதே விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. விரலில் ஒட்ட அங்கே எதுவுமே இல்லை.

எங்கள் தொழிற்சாலை வைட்டமின் டி மாத்திரை தயாரிக்கிறது. மாத்திரைக்கு வெயில் ஆகாது என்பதால் பேக்கிங் அறைக்கு ஜன்னல் வைக்கவில்லை. பெண்கள் விடிவதற்கு முன் உள்ளே போய், இருட்டிய பிறகு வெளியே வருகிறார்கள். வெளியே சும்மா கொட்டிக் கிடப்பதை உள்ளே டப்பாவில் அடைக்கிறார்கள். வெயிலில் வைக்காதீர்கள் என்று டப்பாவில் அச்சடித்திருக்கிறது. அடைக்கிறவர்களை எங்கே வைப்பது என்று அச்சடிக்கவில்லை. நான் கல்லூரி விடுமுறைக்கு அங்கே அட்டைப்பெட்டி தூக்க வந்தவன். போன வாரம் மெஷின் முன்னால் மயங்கி விழுந்த அக்காவையும் நான்தான் தூக்கினேன். பெட்டியைவிட லேசாக இருந்தாள்.

இன்னொரு தடவை விழுந்தால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இந்த ரத்தப் பரிசோதனை முகாமில் டாக்டர் 'குறைவு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரும்புச்சத்து மாத்திரையும் உட்கார்ந்து பார்க்கும் வேலையும் கிடைக்கும். அதற்காகத்தான் பிடித்து இழுத்து வந்திருந்தேன்.

அக்காவுக்கு முன்னால் போனவள், பக்கத்து மெஷின் ஐஸ்காரி. பனி பெய்யும் தேசத்திலிருந்து வந்தவள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து. டாக்டர் பதறிப்போனார். "உங்க ஆளுங்களுக்குப் பதிமூணாவது இருக்கணுமேம்மா!" உடனே மாத்திரை, நாற்காலி, ஒரு வாரம் வெயிலில் நிற்க அனுமதி.

அக்காவுக்கு எட்டு.

"நார்மல்," என்றார் டாக்டர்.

"சார், நிக்க முடியல சார். கண்ணு இருட்டிட்டு வருது."

"இங்க உங்க ஆளுங்க எல்லாருக்குமே எட்டுதாம்மா. சராசரியே அதான். வைட்டமின் டியும் கருத்த தோலுக்கு இவ்ளோதான் இருக்கும். உடம்பு பழகிக்கும்."

"எல்லாரும் விழுந்துட்டா விழறதுதான் நார்மலா சார்?" என்று நான் கேட்டேன்.

"தம்பி என்ன படிக்கிறீங்க?"

"பொருளாதாரம்."

"அதான்," என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அக்கா கிள்ளினாள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருடா. இருக்கிறதையும் பிடுங்கிடப் போறானுங்க."

அறை முழுக்க டெட்டால் வாசனை. சுவரில், ஆரோக்கியமே செல்வம் என்ற வாசகத்துக்குக் கீழே ஒரு பெண் சூரியனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் எந்த ஆளுங்களோ தெரியவில்லை.

கையில் மாத்திரையோடு பிடிபட்டால் திருட்டு என்பது அங்கே சட்டம். அதனால் நர்ஸம்மா தன் கண்ணெதிரிலேயே விழுங்கச் சொன்னார். ஐஸ்காரி தலையை அண்ணாந்து தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டினாள். "போ," என்றார் நர்ஸம்மா.

தாழ்வாரத்தில் அவள் எங்களைக் கடந்து நாலு எட்டு போனாள். பிறகு திரும்பி வந்து உள்ளங்கையில் துப்பினாள். இரும்பு மாத்திரையின் சிவப்புப் பூச்சு பாதி கரைந்து, எச்சில் நூலோடு வந்து விழுந்தது. நாக்கும் பல்லும் வெற்றிலை போட்ட மாதிரி சிவந்திருந்தன.

"நாக்குக்கு அடியில வச்சிருந்தேன். சீக்கிரம் புடி, கரையுது."

"சீ! கழுவிட்டாவது..." என்றேன் நான்.

"கழுவுனா பூச்சு போயிடும், கசக்கும்," என்றாள் ஐஸ்காரி. "தெனம் ஒண்ணு தருவாங்க. ஒரு நா எனக்கு, ஒரு நா உனக்கு."

அக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அந்த வெள்ளைக் கையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். மாத்திரை போன பிறகும், உள்ளங்கையில் வழிந்திருந்த சிவப்பை நாக்கால் வழித்துக்கொண்டிருந்தாள்.