பணியாத ஊர்

கோட்டை மதிலுக்குள் இருக்கும் வீடுகளில் ஆன்செல்ம் வீட்டு வாசலுக்குத்தான் மவுசு அதிகம். ஒருவர் பின் ஒருவராக, தோளைச் சாய்த்துத்தான் உள்ளே போக முடியும். இங்கிலீஷ்காரன் படையெடுத்து வந்தால் ஒவ்வொருவனாக நுழையட்டும், ஒவ்வொரு தலையாக வெட்டலாம் என்று அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. இங்கிலீஷ்காரன் இப்போதும் வருகிறான். வாசலைப் படம் எடுத்துக்கொண்டு, மேயரின் மைத்துனி கடையில் பிளாஸ்டிக் வாள் வாங்கிக்கொண்டு போகிறான்.

இடையில் நூறு வருஷம் போல அந்த வாசல் அகலமாக இருந்தது. திராட்சை வண்டி போய்வர ஆன்செல்மின் கொள்ளுத்தாத்தா இடித்துப் பெரிதாக்கியிருந்தார். பத்து வருஷத்துக்கு முன்பு, 'அழகிய கிராமம்' என்ற பட்டத்துக்கு ஆசைப்பட்டு ஊர் மன்றம் அதைப் பழையபடி கல் வைத்துக் குறுக்கியது. பட்டம் வந்தது. ரொட்டிக் கடை போனது. அந்த இடத்தில் இப்போது சித்திரவதைக் கருவிகளின் அருங்காட்சியகம்.

கோடையில் ஆன்செல்மின் மனைவி லெயோன்தீனுக்குப் பக்கவாதம் வந்தது. சக்கர நாற்காலி உள்ளே போய்வர வழியிருந்தால் வீடு, இல்லையென்றால் சமவெளியில் இருக்கும் முதியோர் இல்லம் என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆன்செல்ம் மேயர் கோந்த்ரானிடம் போனார். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"ரெண்டு வரிசைக் கல்லை எடுத்தாப் போதும்டா."

"கல்லா? டேய், அது வரலாறுடா!"

"நீ வெச்ச வரலாறுதானே. சிமென்ட் கலந்தவன் இன்னும் உசுரோட இருக்கான்."

"நீயும்தான் மன்றத்துல கை தூக்கின. இப்ப அது பாதுகாக்கப்பட்ட சுவரு, நானே தொட முடியாது. மேலிடத்துல கேக்கணும், ஆள் வந்து பாக்கணும், ரெண்டு வருஷம் ஆகும்." மேயர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "லெயோன்தீனைப் பொறுத்துக்கச் சொல்லு. பதினோரு மாச முற்றுகையைத் தாங்கின ஊருடா இது."

"அதுல எல்லாரும் செத்துட்டாங்கடா."

"ஆனா ஊரு பணியலையே!"

ஒரு முறை முயன்று பார்க்கலாம் என்று மருத்துவமனையில் கெஞ்சி, ஆன்செல்ம் லெயோன்தீனை ஆம்புலன்ஸில் வரவழைத்தார். ஓட்டி வந்த பெண் நாற்காலியை நேராகத் தள்ளினாள், சாய்த்துத் தள்ளினாள். விரல்முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

"அப்படியே தூக்கிட்டுப் போயிடலாமே," என்றார் ஆன்செல்ம்.

"இன்னைக்குத் தூக்கிடலாம் ஐயா. நாளைக்கு யாரு தூக்குவா?"

ஆன்செல்ம் சுத்தியலை எடுத்துவந்து ஓங்கி அடித்தார். நிலைக்கு மேலே இருந்த பதினான்காம் நூற்றாண்டுக் கல் பொலபொலவென்று உதிர்ந்தது. மேயரின் சிமென்ட் அசையவில்லை.

"விடுப்பா," என்றாள் லெயோன்தீன். இருண்ட சமையலறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுப்பு பக்கத்துல இருந்த மேசை எங்க?"

"இந்த நாற்காலி திரும்ப இடம் வேணுமேன்னு நகர்த்திட்டேன்."

நாற்காலியைத் திருப்பும்படி அவள் அந்தப் பெண்ணுக்குக் கை காட்டினாள்.

"பழைய இடத்துலயே போட்டுடு. நீயாவது சூடா உக்காந்து சாப்பிடு."

ஆம்புலன்ஸின் கதவு அகலமாகத்தான் இருந்தது. ஒரே தள்ளலில் ஏறிவிட்டாள்.