இரண்டாவது கையெழுத்து

"யாராச்சும் கேட்டா, அது யாரு கையெழுத்துன்னு தெரியலைன்னு சொல்லீரு, ஈவ்லின்."

"ஏனுங்க, எங் கையெழுத்து எனக்கே தெரியாதுங்களா?"

"கோழி கிளறுன மாதிரி போட்டா யாருக்குத் தெரியும்? ஒருத்தர் வேலை போனாப் போதும், கண்ணு."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அடிவாரம் பஸ் ஸ்டாப்பில் ஜெப்சன் சொன்னது. இன்று சவப்பெட்டிக்குள் படுத்திருந்த அவருடைய சட்டைக் காலரை ஈவ்லின் மறுபடியும் நேராக்கினாள்.

அப்போது இருவருக்கும் ஒரே மருந்து கம்பெனியில், பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்பில் நச்சு இருந்தது. 'தேறவில்லை' என்று எழுதி அவர் கையெழுத்திட்டார். சரிபார்த்து அவளும் இட்டாள். கம்பெனி, தேறியதாக வேறு தாளை வைத்து மருந்தை விற்றது. அவர் பழைய தாளோடு புகார் கொடுத்தார். அதை அவரே எழுதிக்கொண்டார் என்றது கம்பெனி.

வேலை போய், ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரானார். அவளைக் கட்டிக்கொண்டார். முதலில் அவள் கையெழுத்தைத்தான் மாற்றச் சொன்னார்.

புகார் கோர்ட்டுக்குப் போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரை மஞ்சக்குட்டை ஸ்டாப்பில் பஸ் ஏற்றிவிடுவாள். 'எம் பேரையும் சேத்திக்குங்க' என்று கேட்க நாக்கு வரைக்கும் வரும். சாப்பாட்டுப் பையை வாங்கித் தூக்கிப் பார்ப்பார். "நொம்பக் கனமா இருக்குது. ஜட்ஜய்யாவுக்கும் சேத்திக் கட்டிட்டியா?" அந்தச் சிரிப்போடு பஸ் போய்விடும். கேட்காத வார்த்தையோடு அவள் வீடு திரும்புவாள்.

மண் போட்டு முடிந்ததும் வக்கீல் சிங்கராயர் அருகில் வந்தார்.

"இனிமே கேஸ் நிக்காதுங்கம்மா. ரெண்டாவது கையெழுத்து யாருதுன்னு எங்கிட்டக்கூடச் சொல்லலீங்க. கேக்கறப்பல்லாம், 'கோழி கிளறுனதுங்க'ம்பாரு."

ஈவ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் வெகுநேரம் குலுங்கின.

சர்ச் உபதேசியார் அடக்கப் பதிவேட்டை நீட்டினார். "ஒரு கையெழுத்துங்க, அம்மா."

பேனாவை வாங்கினாள். பன்னிரண்டு வருடங்களாகப் போடாத கையெழுத்து. ஆனாலும் கை மறக்கவில்லை. நோட்டை உபதேசியாரிடம் கொடுக்காமல் வக்கீல் பக்கம் திருப்பினாள்.

சிங்கராயர் கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். நிமிரவே இல்லை. சில்வர் ஓக் இலை ஒன்று பக்கத்தின் மேல் விழுந்தது. அதை விரலால் மெல்ல ஒதுக்கினார்.

"வக்கீலய்யா," என்றாள் ஈவ்லின். "எம் பேரையும் சேத்திக்குங்க."