தாழிக்குப் பக்கத்தில் நின்றவர்

ஒரு படத்தைப் பழையதாக்கி முடிக்கும்வரை அதில் இருப்பவர் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் படத்திலும் வெளியிலும் புகையாகிவிடுவார். அந்த அருங்காட்சியகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விதி.

காவலர் இஸ்ரவேல் காலை பத்து மணியிலிருந்து முதுமக்கள் தாழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நூற்றாண்டு விழா மலருக்கு 1924ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தேவைப்பட்டது. தாழியின் உயரம் தெரிய ஓர் ஆள் வேண்டும் என்றார் காப்பாட்சியர். ஆள் என்றால் வேறு யார், இளிச்சவாய் இஸ்ரவேல்தான். அன்றைக்கென்று பார்த்து அவருடைய மகள் எஸ்தருக்கு இடுப்புவலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தகவல் செல்போனில் வரும். செல்போன் சட்டைப்பையில் இருந்தது.

எதிரே கம்ப்யூட்டரில் படப்பிரிவு வடிவு படத்தின் வருஷங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டிருந்தாள். 2012இல் அவருடைய காக்கி வெளுத்துச் சாம்பலானது. 2008இல் பையில் இருந்தது பட்டன் போனாக மாறியது. உள்ளங்கால் அரித்தது. 2001இல் பை லேசாகிவிட்டது. இனி எதில் தகவல் வரும்?

"ஏம்மா வடிவு, இப்போ எந்த வருஷம்?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"ரெண்டாயிரம் அண்ணாச்சி. பேசாதீங்க, மீசை கலங்குது."

"எஸ்தர் பொறந்தது தொண்ணூத்தேழுல. அதைத் தாண்டிட்டேன்னா எனக்கு மகளே இல்லாமப் போயிருமே. செத்த நிறுத்தும்மா."

"பாதியில நிறுத்துனா தாழி விரிசல் விட்ரும். சாருக்கு யாரு பதில் சொல்ல?"

நியாயம்தான். ஆனாலும் இஸ்ரவேலுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அசையாமல் ஆத்திரப்படுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். இருபத்தாறு வருஷக் காவல் உத்தியோகத்தில் அவருக்கு அது இருந்தது.

1999. 1998. வடிவின் விரல் மறுபடி அழுந்தியது. 1997க்கு வந்ததும் அலுவலக அறையில் தொலைபேசி மணி அடித்தது. காப்பாட்சியர் எடுத்துக் கேட்டுவிட்டு வாசலில் தலையை நீட்டினார்.

"ஆஸ்பத்திரியில இருந்துய்யா. பிரசவம் ஆயிட்டாம். உடனே வரச் சொல்லுதாங்க."

எந்தப் பிரசவம் என்று அவர் சொல்லவில்லை. இஸ்ரவேலும் கேட்கவில்லை. ஓடினார்.

படத்தில் தாழிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்தான் மிஞ்சியது. வடிவு அதை அழிக்கப் போனாள்.

"கெடக்கட்டும்மா," என்றார் காப்பாட்சியர். "அந்தக் காலத்துப் படம்னா கொஞ்சம் புகை இருந்தாத்தான் நம்புவாங்க."

ஆஸ்பத்திரிப் படிகளில் புகையாக ஏறியவரை யாரும் தடுக்கவில்லை. பிரசவ வார்டு நர்ஸ் பெயரைக் கேட்டு, நோட்டில் சரிபார்த்துக்கொண்டாள்.

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. கைய நீட்டுங்க."

நீட்டினார். வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு கைக்குழந்தைகளை அவள் கொண்டுவந்து, கைக்கு ஒன்றாக வைத்தாள்.

"இது தாய், இது பிள்ளை. மாத்திராதீங்க, ரெண்டும் ஒரே எடை."

இரண்டும் வீறிட்டு அழுதன.

"முதல்ல யாருக்கும்மா பால் குடுக்கணும்?" என்று கேட்டார் இஸ்ரவேல்.

"தாய்க்குக் குடுங்க," என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.